சுத்தம் செய்த குரல்

வீட்டிலிருந்தே ஒலிநூல் வாசிக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்காருங்கள் என்பதுதான். அது ஓடுகிற சத்தம் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும். மைக்குக்குப் பழகாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று மாதம் முட்டி மோதித் தெரிந்துகொண்டேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்பவர் நிதானமாகவே எழுதட்டும்.

காப்பீட்டு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தொலைபேசியில் பேசியவன் நான். "உங்க குரலுக்கே ஒரு பாலிசி எடுக்கலாம் சார்" என்று முகம் தெரியாதவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆட்குறைப்பில் என்னையும் அனுப்பியபோது நான் இடிந்துபோகவில்லை. படுக்கையறைத் துணி அலமாரியைக் காலி செய்து, உட்சுவரில் பழைய மெத்தையை அறுத்து ஒட்டி, போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டேன். உள்ளே உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். வயிறு உறுமினாலும் பதிவாகும் என்பதால் அரை வயிறுதான் சாப்பிட்டேன்.

பதினேழு மாதிரிகள் அனுப்பினேன். பதினேழும் திரும்பி வந்தன. ஒலிநூல் நிறுவனத்துத் தயாரிப்பாளர் அம்மா தன்மையானவர். "ஒரு எழுத்துகூட பிசகல சார். ஆனா கதை கேக்குற மாதிரி இல்ல, ஏதோ நிபந்தனைகளைப் படிச்சுக் காட்டுற மாதிரி இருக்கு" என்றார். அழுத்தம் கொடுத்துப் படித்தால் நாடகம் மாதிரி இருக்கிறது என்றார். குறைத்தால் தூக்கம் வருகிறது என்றார். என்னதான் வேண்டுமாம் என்று அலமாரிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். பல்லைக் கடித்த சத்தமும் பதிவாகியிருந்தது.

பதினெட்டாவது மாதிரியின்போது மைக்கின் அளவைச் சரிபார்க்க என் மனைவியை உள்ளே உட்காரவைத்தேன். கைக்குக் கிடைத்த வாஷிங் மெஷின் கையேட்டை எடுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலு வரி படித்தாள். அதை வெட்ட மறந்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அழைப்பு. "சார், கடைசியில துணி துவைக்கிற புத்தகம் படிச்சாங்களே, அது யாரு?"

என் மனைவிக்கு ழகரம் வராது. பழத்தைப் பளம் என்பாள். கல்யாணமான நாளிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். "அதெல்லாம் கத்துக்கலாம் சார். அவங்க பேசினா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா.

பல் மருத்துவமனை வரவேற்பு வேலையை விட்டுவிட்டு அவள் அலமாரிக்குள் போனாள். நான் வெளியே கணினி முன் உட்கார்ந்தேன். அவள் மூச்சு வாங்குவதை வெட்டுவேன்; எச்சில் விழுங்குவதை வெட்டுவேன்; பளத்தைப் பழமாக்க மறுபடி படிக்கச் சொல்வேன். இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. அவளுக்குக் கடிதங்கள் வந்தன. "எல்லாம் இவர் கைவண்ணம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது புத்தகத்தின் நடுவில் அவள் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. அதை உலகத்தில் முதலில் கேட்டவன் நான். அவளுக்கே தெரியாது. திரையில் குரலின் கோடுகள் ஓரத்தில் பிசிறடித்தன. சளிக் கரகரப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். இது போகவில்லை, வாரத்துக்கு வாரம் தடித்தது. தினமும் ஆறு மணி நேரம் ஒரே குரலைக் கேட்கிறவனுக்கு அது தெரியும்.

நான் அதைச் சுத்தம் செய்தேன். என் வேலையே அதுதானே.

"ஏங்க, தொண்டை என்னமோ மாதிரி இருக்கே, உங்களுக்குக் கேக்குதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

சுத்தம் செய்த பதிவைப் போட்டுக் காட்டினேன். "நீயே கேளு. பளிங்கு மாதிரி இருக்கு."

அவள் கேட்டாள். தன் காதை நம்பினாள். இப்படி ஏழு வாரம் போனது.

விழுங்கும்போது வலிக்கிறது என்றதும் என் மைத்துனர் நச்சரித்துத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன். குழாய்விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வாசிக்கும்போது அவள் கைபேசியை அணைத்துவைப்பாள் என்பதால் என் எண்ணைக் கொடுத்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை என்பதை நீங்கள் நம்பலாம்.

நான்காம் நாள் அழைத்தார்கள். "அம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வாங்க சார். தள்ளிப்போடாதீங்க. இப்பவே வைத்தியம் ஆரம்பிச்சா குரலைக் காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்லச் சொன்னார்."

"சரிங்க, சொல்லிடறேன்" என்றேன்.

அலமாரிக் கதவைத் திறந்தேன். வியர்த்து வழிய, படித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க போன்ல?"

"ஆஸ்பத்திரிதான். வெறும் வீக்கமாம். நீ படி."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. மருத்துவமனையிலிருந்து இன்னும் இரண்டு முறை அழைத்தார்கள். வேறு இடத்தில் வைத்தியம் பார்க்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, மூச்சுத் திணறி நின்ற அவளை மைத்துனர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். முன்பே அழைத்துச் சொன்னோமே என்று அந்த டாக்டர் மைத்துனரிடம் கேட்டது பிற்பாடு நடந்தது. நான் இங்கே உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

அசல் பதிவுகளை நான் அழிக்கவில்லை. நீங்கள் எடுத்துவந்த கணினியில் தேதிவாரியாக இருக்கின்றன. கரகரப்பு எந்த நாளில் தொடங்கியது, நான் எந்த நாளில் அதை மறைத்தேன், எல்லாம் தெரியும். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். நோயை நான் கொடுக்கவில்லை. அது வளர வேண்டிய நாட்களைக் கொடுத்தேன்.

அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஐந்து அத்தியாயங்கள் மிச்சமிருந்தன. "நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க சார்" என்று தயாரிப்பாளர் அம்மா தழுதழுத்தார். படித்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

வெளியான அன்று அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஐந்து அத்தியாயங்களையும் போட்டுக் காட்டினேன். சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். இத்தனை வருடத்தில் என் வாசிப்பைக் கேட்டு ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.