தலைமேல் தணல்

— மெதுவா பேசுக்கா. கண்டக்டரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.

— பாக்கட்டும் சிஸ்டரு. ரேணுகாவ ஆஸ்பத்திரில படுக்க வெச்சது நாந்தான்னு இந்த பஸ்ஸுக்கே சொல்றேன். நான் கொட்டுன நெருப்புதான் அது.

— இன்னா நெருப்பு? உன் கொழுந்தன் சக்திவேல் போன்ல இன்னா சொன்னாரு? காய்ச்சல் எறங்கல, திருப்பத்தூர்ல சேத்துட்டோம்னாரு. ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்தா அதுக்கு நீ இன்னா பண்ணுவே?

— நீ வாசிச்சியே, அதான் பண்ணேன்.

— நானா?

— பின்ன யாரு? உன் தையக்கட பின்னால தகரக் கொட்டாய்ல வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம ஒக்கார வெச்சி நீதான வாசிக்கிறே? எதிராளிக்குப் பசியா இருந்தா சோறு போடு, தாகமா இருந்தா தண்ணி குடு. அப்டி செஞ்சா அவன் தலைமேல நீ நெருப்புத் தணல குவிப்பேன்னு வாசிச்சியா இல்லியா?

— வாசிச்சேன். பைபிள்ல ரோமருக்கு எழுதுன நிருபம். அதுக்கு?

— அன்னிலேர்ந்து அவளுக்கு சோறு போட்டுக்கினு கீறேன்.

— அடிப்பாவி.

— திட்டு. நல்லா திட்டு. இன்னும் ரெண்டு சேத்துத் திட்டு.

— திட்டறதுக்கு வாயே வரலக்கா. ஊரே உன்னத்தான பேசுது, ஓரகத்தின்னா கல்பனா மாதிரி இருக்கணும்னு. எங்க கடைக்கு ஜாக்கெட்டு தைக்க வர்றவங்கல்லாம் சொல்றாங்க, அவ காட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள கல்பனா தட்டுல சோத்தோட நிக்கிறான்னு.

— ஆமா, நின்னேன். பசியா இருந்தாத்தான் பலிக்கும்னு எழுதிக்கீதே! வயிறு ரொம்பனவளுக்குப் போட்டா தணலு எங்க வுழும்? அதான் அவ கள எடுத்துட்டு வர்ற நேரம் பாத்து நிப்பேன். சாம சோறு, கொள்ளு ரசம், ஒரு நாளு முட்டகூட. ஒரு கரண்டி வெச்சா ஒரு கரண்டி தணலுன்னு மனசுல நெனச்சிக்குவேன். எங்க மாமியா பாத்துட்டு, "எம் மருமவ தங்கம்டி"ன்னுச்சி. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு, உள்ள சிரிச்சிக்கினேன்.

— அந்த ரேணுகா உனக்கு இன்னாக்கா பண்ணா? ஒரே செவுரு, ஒரே கூரை. அண்ணன் பொண்டாட்டி நீ, தம்பி பொண்டாட்டி அவ.

— ஒன்னும் பண்ணல. அதான் பெரிய தொல்ல. எதுனா பண்ணியிருந்தா நேரா நின்னு சண்ட போட்டிருப்பேன்.

— அப்பறம் இன்னாத்துக்கு இந்த வன்மம்?

— வயிறு எரியுது சிஸ்டரு, அவ வந்த நாள்லேர்ந்து. நான் ரசம் வெச்சி ஊத்துனா எங்க வூட்டுக்காரு குடிச்சிட்டு, "ரேணுகா கைப்பக்குவம் வராது"ன்றாரு. எங்கிட்டியே! எம் மூஞ்சிக்கு நேராவே! மாணிக்கம்மா இருக்குதே, எங்க மாமியா, மூட்டுவலிக்கு எண்ண தடவ அவளத்தான் கூப்புடுது. என் கை கல்லு மாதிரி கீதாம். மகளிர் கொழுவுல புளி எட போடுற தராசு யாரு கையில? அவ கையில. சந்தைக்குப் போனா கடக்காரன் அவளுக்கு "வாங்க மேடம்"ன்றான், எனக்கு "இன்னா வேணும்"ன்றான். அவ பழைய சேல கட்டுனாலும் புதுசு மாதிரி கீது. நான் புதுசு கட்டுனாலும் இரவல் வாங்குன மாதிரி கீது.

— கொஞ்சம் மூச்சு வுடு. ஜன்னலத் தொற. காத்து வரட்டும்.

— இன்னும் கீது, கேளு. நான் எங்கனா களச்சிப் போயி தொண்ட வறண்டு வந்தா போதும், சொம்புத் தண்ணியோட எதுருல வந்து நிப்பா. "குடிக்கா, வெயில்ல வந்தே"ன்னு. ஊருக்கு முன்னால நல்லவன்னு பேரு வாங்க. சொம்ப வாங்கி அவ மூஞ்சில வீசலாமான்னு இருக்கும். தாகம் வுடுதா? குடிச்சிட்டு வந்துடுவேன்.

— கேளு மொதல்ல. வயிறு எரியுதுன்னியே, நான் இப்ப பாட்டில் தண்ணிய உன் வயித்துல ஊத்தி அணைக்கவா?

— இன்னா சிஸ்டரு, வெளாடுறியா? அது பேச்சுக்குச் சொல்றது.

— அதேதான்க்கா அதுவும். பேச்சு. அவங்க ஊர்ல, அவங்க காலத்துல அப்டி சொல்லுவாங்க. தணலுன்னா அடுப்புத் தணலு இல்ல.

— அத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா? நாக்கு தேஞ்சிடுமா?

— சொல்ல வுட்டீங்களா? புஸ்தகத்த மூடல, அதுக்குள்ள டீ வந்துடுச்சி. பன்னப் பாத்ததும் மொத்தக் கொட்டாயும் எழுந்துடுச்சி. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு வுட்டேன். அடுத்த வாரம் மழ, யாரும் வரல. அப்பறம் எனக்கே மறந்துடுச்சி.

— ஒரு பன்னுக்கு ஒரு உசுரா?

— அழாதக்கா. நான் ஒன்னு கேக்கறேன், நெஜத்த சொல்லு. உன் கண்ணுல உத்தரம் இருக்கறப்போ அடுத்தவன் கண்ணுல இருக்கற துரும்ப ஏன் பாக்குறேன்னு வாசிச்சனே, அன்னிக்கி நீ இன்னா சொன்னே?

— வூட்டு உத்தரம் கண்ணுல எப்டி பூரும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

— வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வாசிச்சப்போ?

— மாணிக்கம்மா எடது கைய முந்தானைக்குள்ள மறச்சிக்கினு காணிக்க போட்டுச்சே! எனக்குச் சிரிச்சி சிரிச்சி பொறையேறிடுச்சி. நாந்தான் கெழவிக்குச் சொன்னேன், அது பேச்சு, வெளம்பரம் பண்ணாதன்னு அர்த்தம்னு.

— ஆங்! அப்ப உனக்குத் தெரியுது. உத்தரம் பேச்சுன்னு தெரியுது, கை பேச்சுன்னு தெரியுது. தணலு மட்டும் எப்டிக்கா நெஜமாச்சி?

— வேணும்னு இருந்துச்சி. அதான் நெஜம்னு எடுத்துக்கினேன். போதுமா?

— போதும். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கேட்டேன்.

— நான் உங்க கூட்டத்துல சேந்தவகூட கெடையாது. எங்க மலமேல தெய்வம் எங்களுக்குக் கீது. கதைக்கும் டீக்கும் வர்றவ நானு. நான் போயி ஒரு வார்த்தைய புடிச்சிக்கினேன் பாரு. எங்க சாமிகிட்ட கேட்டா அது மொறச்சிருக்கும். உங்க சாமி சோறு போட்டாலே போதும்னுச்சி. சுளுவா இருந்துச்சி.

— சுளுவா? வெயில்ல வந்த ஒருத்திக்குத் தெனம் சோறாக்கிப் போட்டிருக்கே, சுளுவாங்கறே.

— சரி, அது இன்னா அர்த்தம்னாவது இப்ப சொல்லு. மலயிறங்கறதுக்குள்ள தெரிஞ்சிக்கறேன்.

— ஆளுக்கு ஒன்னு சொல்றாங்கக்கா, நானும் கேட்டதுதான். கெட்டது செஞ்சவனுக்கு நீ நல்லது செஞ்சா, அவனுக்கு வெக்கம் வந்து மூஞ்சி சுடும், மனசு சுடும், திருந்துவான். அதத்தான் தணலுன்றாங்கன்னு நெறைய பேரு சொல்றாங்க. இன்னொரு பேச்சும் இருக்கு. அந்தக் காலத்துல அடுப்பு அணைஞ்சி போனவங்க பக்கத்து வூட்டுக்குப் போயி நெருப்பு வாங்கியாருவாங்களாம், சட்டில போட்டுத் தலைமேல வெச்சி.

— அது நாங்களும் செய்றதுதான? மழ பேஞ்சா எங்க அடுப்பு ஊத்திக்கும். போன கார்த்திகைல தீப்பெட்டி நமுத்துப் போயி ஒக்காந்துக்கினு இருந்தேன், ரேணுகாதான் ஓட்டுல தணலு எடுத்தாந்து போட்டா. ஊதிக்கூட குடுத்தா. கண்ணெல்லாம் பொகை.

— அதான், அந்த மாதிரி அள்ளிக் குடுக்கறதுன்னு சிலரு சொல்றாங்க.

— அப்ப தணலு கெட்டது இல்லியா?

— எது சரின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எப்டிப் பாத்தாலும் நீ சோறு போட்டு ஒருத்தருக்குக் காய்ச்சல் வராது. அது மட்டும் தெரியும்.

— வந்துடுச்சே! சக்திவேலு இன்னா சொன்னான் தெரியுமா? "அண்ணி, தலை தணலு மாதிரி கொதிக்குது"ன்னான். அதே வார்த்த! வேற வார்த்தயே கெடைக்கலியா அவனுக்கு? போன கீழ போட்டுட்டேன் நானு.

— இரு, உன் கொழுந்தன்தான் கூப்புடுறாரு. அலோ… சொல்லுங்க… ஆங்… ஆலங்காயம் தாண்டிட்டோம்… சரி, சரி. வர்றோம். கேட்டியாக்கா? டைபாய்டாம். ஓடத் தண்ணிய காய்ச்சாம குடிச்சிருக்கா. ஊசி போட்டதுல காய்ச்சலு கொறையுதாம். கண்ணு முழிச்சதும் உன்னத்தான் கேட்டாளாம்.

— என்னையா? இன்னாத்துக்கு?

— எனக்கு இன்னா தெரியும்? மடியில அது இன்னா டப்பா?

— அரிசிக் கஞ்சி. கொழைய வுட்டுக் கொண்டாந்தேன்.

— இதுல எத்தினி தணலு?

— குத்திக் காட்டாத சிஸ்டரு. இதுல ஒன்னுமே இல்ல. இது வெறும் கஞ்சி. உப்புகூட பயந்து பயந்து போட்டேன். அவ கையப் புடிச்சி எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் ஊட்டுவேன். கேட்டுட்டு மூஞ்சில துப்புனாலும் சரி.

— வேணாங்கா. அவளே படுத்த படுக்கையா இருக்கா. நல்லாவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்.

— அப்பறம்னா சொல்ல மாட்டேன். என்ன எனக்குத் தெரியும். அவ நல்லா எழுந்து திரும்பவும் தராசு புடிச்சான்னா எனக்குத் திரும்பவும் எரிய ஆரம்பிச்சிடும். சுத்தமானவ அவ, சூதுவாது தெரியாது. நாந்தான் வெஷம். சொல்லிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

— உன் இஷ்டம். எறங்கு, ஸ்டாண்டு வந்துடுச்சி. டப்பாவ குடு, நான் புடிக்கறேன்.

— வேணாம். நானே எடுத்தாறேன்.

— பொம்பள வார்டு இந்தப் பக்கம். செருப்ப வெளிய வுடு. அதோ பாரு, ஜன்னலோரம். எளச்சிட்டா பாவம். ரேணுகா, யாரு வந்திருக்காங்க பாரு.

— அக்கா, கிட்ட வராத. அங்கியே நில்லு.

— தெரிஞ்சிடுச்சா? ரேணுகா, உனக்குத் தெரிஞ்சிடுச்சா? யாரு சொன்னது?

— இன்னாக்கா தெரியணும் எனக்கு?

— நான் உனக்கு சோறு போட்டேனே, அது…

— சோத்தப் பத்திப் பேசாதக்கா. அந்த சோறுதான் என்னக் கொல்லுது. நான் பசியோட வர்ற நேரம் பாத்துப் பாத்துப் போட்டே. எங்கம்மாகூட அப்டி நின்னதில்ல. ஒவ்வொரு வாய் திங்கறப்பவும், இவ எம்மேல இத்தினி பாசம் வெச்சிக்கீறாளே, நான் இவளுக்கு இன்னா பண்ணிக்கினு கீறேன்னு மூஞ்சியெல்லாம் சுடும்.

— நீ எனக்கு இன்னாடி பண்ணே?

— உன் வூட்டு சிரிப்பு எனக்குக் கேக்கும்க்கா. நீயும் மாமாவும் சாப்புடறப்போ சிரிப்பீங்க. ரசம் நல்லா இல்லன்னு அவரு சொல்லுவாரு, நீ அடிக்கப் போவே, அவரு ஓடுவாரு, மறுபடியும் சிரிப்பீங்க. எங்க வூட்டுக்காரு வாயத் தொறந்தா ஒன்னு சோத்துக்கு, இல்லன்னா கொட்டாவிக்கு. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு கேட்டுக்கினே இருப்பேன். பத்திக்கினு எரியும் எனக்கு.

— எம்மேலயா? எங்கிட்ட இன்னாடி கீது, எரியறதுக்கு?

— ரேணுகா, நீ பேசாம படு. காய்ச்சல்ல எதுனா வருது வாய்ல.

— காய்ச்சல் கொறஞ்சிடுச்சி சிஸ்டரு, தெரிஞ்சிதான் பேசறேன். உங்க கொட்டாய்ல அக்கா பக்கத்துலதான நானும் ஒக்காந்திருந்தேன்? நீங்க வாசிச்சத நானும் கேட்டேன். நான் கொட்டுனது எனக்கே திரும்பிடுச்சி, அது நாயம்தான். அக்கா, அழாத, சொல்லிட்டேன், இப்ப கிட்ட வா. தலையக் குனி, தொட்டுப் பாக்கறேன். நான் குடுத்த சொம்புத் தண்ணி உனக்கு எங்கியும் சுடலியே?