ஒரு பொய்யும் பூட்டிய தண்ணீர்க் கொம்பனியும்

"நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் உங்கட வேலை போயிருக்காது அக்கா."

ஊர்காவற்றுறை பஸ் மண்டைதீவைத் தாண்டும்போது எனக்கு முன் சீற்றிலிருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். போத்தல் தண்ணீர்க் கொம்பனியொன்றில் தண்ணீரைப் பரிசோதிப்பவள் அவள். பக்கத்தில் இருந்தவர் அங்கே போத்தல் நிரப்பியவர்.

"மனேச்சர் என்ன சொன்னவர்?"

"தண்ணியில கிருமி இருக்கெண்டு காட்டினனான். கொஞ்சப் பேருக்கு வயித்துக்குத்து வந்தாலும் இவ்வளவு குடும்பங்கள் சாப்பிடும்தானே எண்டார். அந்தக் கொஞ்சப் பேர் ஆரெண்டு கேட்டனான். தண்ணி நல்லமெண்டு எழுதித் தரச் சொன்னார். சுகாதாரப் பரிசோதகரிட்டைச் சொன்னனான். வந்து பூட்டிப்போட்டினம். உங்கட முகத்தைப் பார்க்க ஏலாமல் ஒளிச்சுத் திரிஞ்சனான்."

"எனக்கும் கோபம்தான் பிள்ளை. பிறகு யோசிச்சன். நாங்களும் அந்தப் போத்தலைத்தானே வீட்டை கொண்டுபோறனாங்கள். என்ர சின்னவளுக்கு அதிலதான் பால்மா கரைச்சுக் குடுக்கிறனான்."

இளம்பெண் தலை குனிந்தாள்.

"நேற்று முதலாளி ஃபோன் எடுத்தவர். வடிகட்டி எல்லாம் புதுசாம். மனேச்சரை வேலையால நிப்பாட்டியாச்சாம். திங்கக்கிழமை எல்லாரையும் வேலைக்கு வரட்டாம். நீர் ஃபோன் எடுக்கிறேல்லை எண்டு என்னட்டைக் குறை சொன்னவர்."

"மெய்யே அக்கா?"

"ஓம்."

நான் வேலணையில் இறங்கும்போது, அவள் அந்த அக்காவின் தோளில் சாய்ந்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள்.