கட்டைக்கும் மணிக்கும் நடுவே

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே கவனித்தேன். பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது, பேட்டரி தீரப் போகிறது, அவ்வளவுதான். கடிகாரம் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். தப்பான நேரத்தைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

விசாரணைக் குழுவின் அறிக்கையை வாசித்தேன். பன்னிரண்டு பக்கத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. ‘மணி அடிப்பவரின் கை தவறியதால் கடைசி ரவுண்டு நீண்டுவிட்டது.’ அந்த வரியை அடித்துவிடச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். இருபத்தாறு வருடமாகக் குத்துச்சண்டை அரங்கில் நேரம் பார்க்கிறேன். என் கை தவறாது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். மேடையை ஒட்டி எனக்கென்று ஒரு மேசை. அதன்மேல் பித்தளை மணி, சுத்தியல், ஸ்டாப்வாட்ச், இரண்டு மரக்கட்டைகள். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். முடியப் பத்து வினாடி இருக்கும்போது கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவேன். பத்து வினாடி கழித்து மணி. நடுவர் கையில்கூடக் கடிகாரம் கிடையாது. நான் அடித்தால்தான் ரவுண்டு முடியும். அரங்கில் பெரிய கடிகாரம் மாட்டலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. சண்டை போடுகிறவன் எதிராளியைப் பார்க்கட்டும், கடிகாரத்தை ஏன் பார்க்கிறான் என்று நான்தான் தடுத்தேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இனி கருங்கல் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு சண்டை, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. மேடை நடுவில் போய் நிற்பார். மூன்று அடி வாங்கிக்கொண்டு ஒன்று கொடுப்பார், அந்த ஒன்றில் எதிராளி மடங்கி உட்காருவான். ஒதுங்குவது, குனிவது, ஓடுவது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய சண்டைகள் எல்லாவற்றுக்கும் மணி அடித்தவன் நான். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இல்லை. அண்ணிதான் ஊட்டிவிடுகிறார். வாங்கிய அடிகள் அப்படி. அதற்காக அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பம்பரம் என்று ஒருவன் வந்தான். செத்துப்போனவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். எனக்கு அந்தப் பழக்கமில்லை. அவனை எனக்குப் பிடிக்காது. மேடையைச் சுற்றிச் சுற்றி வருவான். எதிராளி காற்றைக் குத்திக் குத்திக் களைத்துப்போவான், அப்புறம் இவன் போய்த் தட்டிவிட்டு வருவான். அதற்குக் கைதட்டல் வேறு. அவனும் தோற்காமலே முப்பத்தொன்றுக்கு வந்துவிட்டான். அடுத்ததில் ஜெயித்தால் அண்ணனைத் தாண்டிவிடுவான்.

எங்கள் தெருமுனை சலூனில் சண்டை ரசிகர்கள் கூடுவது வழக்கம். சுவர் முழுக்கப் படங்கள். இடதுகை டெய்லர், மூக்குடைந்த இரட்டையர், ஒற்றைக்கண் மேஸ்திரி என்று அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். கண்ணாடிக்கு மேலே நட்டநடுவில் கருங்கல் அண்ணன். யார் பெரியவர் என்று அங்கே நடந்த வாக்குவாதங்களை எழுதினால் உங்கள் அலமாரி கொள்ளாது. ஒரு சனிக்கிழமை முடிவெட்டப் போனேன். நடுவில் பம்பரத்தின் படம். அண்ணன், துண்டு காயப்போடும் ஆணிக்குப் பக்கத்தில் இருந்தார். ஈரத் துண்டு பாதி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

சலூன்காரரிடம் ஏன் என்று கேட்டேன். அண்ணனின் சண்டையை ஒன்றுகூட நேரில் பார்க்காத ஆள். கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார், “நின்ன இடத்துல நின்னு அடி வாங்குறதுக்கு ஆள் எதுக்கு? ஒரு மணல் மூட்டை போதுமே.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போக முடியுமா?

அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கேலிக்கு ஆளைக் கொல்லும் அளவுக்கு நான் மட்டமானவன் இல்லை. அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாராவாரம் போவேன், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழைய சண்டைகளை ரவுண்டு ரவுண்டாகச் சொல்வேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பார், சில நாள் தூங்கிவிடுவார். அன்றைக்கு அந்த நாற்காலியில் பம்பரம் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான், அண்ணன் அதில் மெல்லக் குத்திக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். என்னிடம் அவர் சிரித்து ஏழு வருடம் இருக்கும். 

ரெண்டு மாசமா வந்துட்டுப் போறான், இவன் வந்தாத்தான் மனுஷன் ஒழுங்கா சாப்பிடுறார் என்றார் அண்ணி. பம்பரம் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். பணிவான பையன்தான், அதை மறுக்கவில்லை. “உக்காருங்கண்ணே. உங்க மணியை நம்பித்தான் என் பொழப்பே ஓடுது” என்றான்.

அவன் வேடிக்கையாகச் சொன்னான், ஆனால் அது உண்மை. அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டைச் சத்தம் கேட்டதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இருக்கும் மூச்சையெல்லாம் கொட்டிச் சரமாரியாகக் குத்துவான். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே குத்துவான். பத்து வந்ததும் கையைத் தொங்கப்போட்டு, எதிராளிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்குவான். அவன் திரும்புவதும் மணி அடிப்பதும் ஒன்றாக இருக்கும். ரசிகர்கள் பைத்தியமாவது அந்த இடத்தில்தான். வேறு எந்த ஊரிலும் அவன் அப்படிச் செய்யமாட்டான் என்று அவனுடைய பயிற்சியாளர் சொல்வார். என் பத்து வினாடி பத்து வினாடிதான் என்று அவனுக்குத் தெரியும். 

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதே தீர்மானித்துவிட்டேன். கோபம் எல்லாம் இல்லை, நிதானமாகத்தான் இருந்தேன். வரும் வழியில் காய்கறிகூட வாங்கினேன்.

அவனுடைய முப்பத்திரண்டாவது சண்டை மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது. எதிராளி லாரி ஓட்டுபவன், நல்ல பலசாலி, கொஞ்சம் மந்தம். ஏழு ரவுண்டு முடிவதற்குள் பம்பரம் புள்ளிகளில் எட்ட முடியாத தூரம் போய்விட்டான். எட்டாவதுதான் கடைசி. கட்டையைச் சரியான நேரத்தில் தட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கட்டை சரியான நேரத்தில்தான் தட்டப்பட்டது. அவன் கொட்ட ஆரம்பித்தான். கூட்டம் எழுந்து நின்று அவனோடு சேர்ந்து எண்ணியது. பத்து என்றதும் கையைப் போட்டான், திரும்பினான், குனிந்தான்.

நான் சுத்தியலைக் கையில் வைத்திருந்தேன்.

லாரிக்காரனுக்கு மணி கேட்கவில்லை. மணி கேட்கும்வரை குத்து என்றுதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பதின்மூன்றாவது வினாடியில் பம்பரம் நிமிர்ந்து என் மேசையைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டதோ, மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று பதறுகிற மாதிரி பார்த்தான். பதினான்கில் காதுக்குக் கீழே அடி விழுந்தது. விழும்போது பின்மண்டை மேடைப் பலகையில் மோதியது. பதினேழில் மணி அடித்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான். 

கை தவறவில்லை, ஸ்டாப்வாட்ச் நிற்கவில்லை, என் கண்ணும் மங்கவில்லை. ஏழு வினாடி நான் கொடுத்தது. தெரிந்தே கொடுத்தேன். அந்த லாரிக்காரன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறானாம், அவனை விட்டுவிடுங்கள். அடித்தது அவன் கை, கொன்றது நான். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நல்ல மனிதர் ரத்தம் சிந்திச் சேர்த்த பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நேற்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். உங்களை யாரும் தாண்டவில்லை, இனி தாண்டவும் ஆள் இல்லை என்றேன். அவர், பையன் எங்கே என்று கேட்டார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன், உங்களிடம் சொன்ன அதே வரிசையில். கேட்டு முடித்ததும் அவருக்குக் கை மட்டுமல்ல, கட்டிலே ஆடியது. ஆனால் பேச்சு குழறாமல் வந்தது.

“டாக்சிக்காரனோட போட்ட சண்டையில அவன் என்னைச் சாய்ச்சப்போ, நாலாவது ரவுண்டுல, நீ மணியை நேரத்துக்கு முன்னாடியே அடிச்சுட்டே. எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே நான் தோத்தவன். அந்தப் பையன் தாண்டிட்டான்னா நான் நிம்மதியா கண்ணை மூடலாம்னு இருந்தேன்.”

அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை.

மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. மூளை கலங்கியவர் பேச்சு சாட்சியாகாது. அது நாலாவது ரவுண்டே இல்லை, ஆறாவது.