நாற்பத்தொன்றாம் நம்பர் மேல் விசாரணை

அவன்: முதல்ல கத்தியக் கீழ வை.

அவள்: வெங்காயம் பாதில நிக்குதுங்க.

அவன்: விசாரணைக்கு வர்ற லோடுமேன் கைல கத்தியோட வருவானா? வெச்சுட்டு வந்து இங்க நில்லு. என் நாற்காலிக்கு எதிர்ல.

அவள்: நானும் உக்காந்துக்குறேனே. காலைலேருந்து நின்னு நின்னு...

அவன்: லோடுமேன் உக்காரக் கூடாது. சூபர்வைசர்தான் உக்காரணும்.

அவள்: அவ்வளவு பெரிய குடோன்ல ஒரே ஒரு நாற்காலிதானா?

அவன்: ரெண்டு இருக்கு. ஒண்ணுக்குக் கால் இல்ல. பேச்ச மாத்தாத. இப்ப நீ லோடுமேன், நம்பர் நாப்பத்தொண்ணு. நான் பகுதி நேர சூபர்வைசர். நிஜ விசாரணை நாளைக்குக் காலைல. இது ஒத்திகை. புரிஞ்சுதா?

அவள்: சூபர்வைசர் ஆகி மூணு வாரம் கூட முழுசா ஆகல. அதுக்குள்ள ஒருத்தன நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்களா? ம்... கேளுங்க.

அவன்: க்கும். நாப்பத்தொண்ணு! தினமும் பத்து மணிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் லோடு இறக்குற இடத்துல நீ இல்ல. எங்க போன?

அவள்: டீ குடிக்கப் போனேங்க.

அவன்: நாலு மணி நேரமா?

அவள்: ரொம்ப சூடா இருந்துச்சுங்க.

அவன்: விளையாடாதன்னா! வேலை போற விஷயம் இது.

அவள்: யாரு வேலை?

அவன்: அவனோடதுதான்... நாப்பத்தொண்ணோடது. மேனேஜர் புடிச்சுக்கிட்டார். அவரு தலைமை ஆபீஸ்ல இருக்காரு, எங்க குடோனக் கண்ணால பாத்ததே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர்ல, நம்பர் நம்பரா. "பாதி நாள் ஒருத்தனக் காணோம், சூபர்வைசர்னு நீங்க அங்க என்ன பண்றீங்க"ன்னு போன்ல கேட்டாரு. விசாரிச்சு, சூபர்வைசரும் லோடுமேனும் கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்பணுமாம்.

அவள்: சரி, இந்த நாப்பத்தொண்ணு ஆளு எப்படி?

அவன்: எப்படின்னா?

அவள்: நடிக்கணும்ல. சோம்பேறியா, நல்லவனா, குடும்பஸ்தனா...

அவன்: நல்லவன்தான். பதினாறு வருஷமா மூட்டை தூக்குறான். கொஞ்சம் வெகுளி.

அவள்: கல்யாணம் ஆயிடுச்சா?

அவன்: ஆயிடுச்சு.

அவள்: பொண்டாட்டி எப்படி?

அவன்: வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு கேள்வி.

அவள்: ஓஹோ. பாக்க எப்படி இருப்பா?

அவன்: அதெல்லாம் விசாரணைல வராது. அடுத்த கேள்வி! போன வாரம் நோட்டீஸ் போர்டுல உனக்கு மெமோ ஒட்டினேனே, பாத்தியா?

அவள்: பாத்தேங்க. அங்க நின்ன எல்லாரையும் விட நான்தான் சத்தமா திட்டினேங்க. "எவன்டா இந்த சூபர்வைசர்? நேத்து வரைக்கும் நம்மகூட மூட்டை தூக்கினவன், இன்னிக்குப் பேனா கெடைச்சதும் கண்ணு தெரியலையா"ன்னு.

அவன்: ...இத உனக்கு யாரு சொன்னா?

அவள்: எந்தம்பி. அங்கதான ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறான்.

அவன்: மச்சானுக்கு வண்டிய விட வாய் நல்லா ஓடுது. வேற என்ன சொன்னான்?

அவள்: ரெண்டு மணி ஆனா ஒருத்தர் சூபர்வைசர் நீலக் கோட்டோட, பெட்டி அடுக்குற ஏழாம் ராக்குக்குப் பின்னாடி போறாராம். லோடுமேன் மஞ்சள் கோட்டோட வெளில வர்றாராம்.

அவன்: கோட்டா? எந்தக் கோட்டு?

அவள்: ஏங்க, நாப்பத்தொண்ணு நீங்கதானே?

அவன்: சொல்லலாம்னுதான் இருந்தேன்...

அவள்: நாளைக்கு உங்கள நீங்களே நிக்க வெச்சு விசாரிக்கப் போறீங்களா?

அவன்: பகுதி நேரம்னா என்னன்னு நெனச்ச? எட்டு மணிக்கு லோடுமேனா உள்ள போறேன். பத்துக்கு சூபர்வைசர். ரெண்டுக்கு மறுபடியும் லோடுமேன். சூபர்வைசருக்குன்னு தனியா ஏழுன்னு ஒரு நம்பர் குடுத்தாங்க, பழைய நம்பர எடுக்க மறந்துட்டாங்க. விரல் வைக்கிற மெஷின்ல ஏழு உள்ள வந்ததும் நாப்பத்தொண்ணு காணாமப் போயிடுறான்.

அவள்: ரெண்டும் நான்தான்னு மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

அவன்: சொன்னேன். "உங்க சொந்த விஷயத்தையெல்லாம் வேலைல கலக்காதீங்க"ன்னுட்டாரு.

அவள்: அதுக்காக ஒரு மனுஷன் தனக்குத்தானே மெமோ குடுத்துக்குவானா?

அவன்: குடுக்கலன்னா ஏழுக்கு மெமோ வரும்! குடுத்தேன். வாங்கிக்கிட்டேன். ஆனா வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் புடிச்சேன்.

அவள்: ஏன்?

அவன்: அவமானமா இருந்துச்சு.

அவள்: அப்புறம்?

அவன்: தனியா ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நல்ல வார்த்தை சொன்னேன். போட்டுட்டான்.

அவள்: கடவுளே... அன்னிக்கு ஒரு நாள் தலைவலி, லீவு போடப் போறேன்னீங்க. அப்புறம் பாத்தா கெளம்பிப் போயிட்டீங்க.

அவன்: லீவு கேட்டேன். கெடைக்கல.

அவள்: யாரு குடுக்கல?

அவன்: நான்தான். ஆள் பத்தாத நேரத்துல எல்லாரும் தலைவலின்னா எப்படி? ஆனா நானும் சும்மா விடல. சூபர்வைசர் எப்படின்னு மார்க் போட மாசா மாசம் ஒரு காகிதம் வருமே, அதுல பத்துக்கு நாலுதான் போட்டேன்.

அவள்: உங்களுக்கு நீங்களே நாலா!

அவன்: தலைவலின்னா என்னன்னு அவனுக்கும் தெரியணும்ல.

அவள்: சரிதான். நாளைக்கு எப்படி? கேள்வியும் நீங்க, பதிலும் நீங்களா?

அவன்: உக்காந்து கேக்கணும், எந்திரிச்சு எதிர்ல போய் நின்னு பதில் சொல்லணும். நடுவுல கோட்டு மாத்த நேரம் பத்தாது. நீலத்துக்கு உள்ளயே மஞ்சளப் போட்டுக்கலாம்னு இருக்கேன்.

அவள்: சாட்சி?

அவன்: உன் தம்பி.

அவள்: அவன் சிரிச்சே செத்துடுவான். ஏங்க, பேசாம ஒண்ண விட்டுடுங்களேன்.

அவன்: எத விடச் சொல்ற? பதினாறு வருஷத்துல முதல் தடவையா ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து "சார், வண்டிய எங்க நிறுத்தட்டும்"னு கேட்டான். பின்னாடி யாரோ நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. என்னத்தான் கேட்டிருக்கான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீலத்த எப்படி விடுவேன்? மஞ்சள விட்டா மிஞ்சுறது பாதி நாள் வேலை. வீடு எப்படி ஓடும்? ரெண்டுல எது போனாலும் நான் காலி.

அவள்: ம்...

அவன்: அதான் ஒத்திகை. ஏழும் தப்பிக்கணும், நாப்பத்தொண்ணும் தப்பிக்கணும். நில்லு, அடுத்த கேள்வி...

அவள்: இல்ல, நீங்க எந்திரிங்க.

அவன்: எதுக்கு?

அவள்: கேக்குறது உங்களுக்கு நல்லா வருது. பதில்தான் வராது. நின்னு பழகுங்க. நாற்காலிய இப்படித் தள்ளுங்க... அப்பாடா, இடுப்புக்கு எவ்வளவு சுகமா இருக்கு. நாப்பத்தொண்ணு! பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் எங்க போன?

அவன்: எங்கயும் போகல சார். இங்கதான் இருந்தேன். உங்களுக்கு உள்ளதான் சார் இருந்தேன்.

அவள்: கதை விடாத. அந்த நேரத்துல உன் பங்கு மூட்டைய யாரு இறக்கினது?

அவன்: மத்தவங்கதான் சார். எனக்கும் சேத்து இறக்குறாங்க.

அவள்: கோவப்பட மாட்டாங்களா?

அவன்: ...யாரும் பேசுறதே இல்ல சார். டீக்கு நான் போய் நின்னா அவங்க எந்திரிச்சுடுறாங்க. நீலக் கோட்டுல போனா சூபர்வைசர் வர்றான்னு எந்திரிக்கிறாங்க. மஞ்சள் கோட்டுல போனா உளவு பாக்க வர்றான்னு எந்திரிக்கிறாங்க. எந்தக் கோட்டுல போறதுன்னு தெரியல சார்.

அவள்: ...இத ஏங்க என்கிட்ட சொல்லல?

அவன்: நீ இப்ப சூபர்வைசர். அப்படியெல்லாம் உருகக் கூடாது.

அவள்: சரி. எழுதிக்கோங்க. நாப்பத்தொண்ணு மேல தப்பு இல்ல. ஏழு மேலயும் தப்பு இல்ல. அந்த நாலு மணி நேரத்துக்கு வேற ஆள் போடாததுதான் தப்பு. ஒரு ஆளப் போட்டா மத்தவங்க கோவமும் தீரும், கணக்கும் நேராயிடும்.

அவன்: ஐயோ, அத ஞாபகப்படுத்தாத!

அவள்: ஏன், என்ன?

அவன்: பத்து நாளைக்கு முன்னாடியே அந்தப் புத்திசாலித்தனத்தப் பண்ணித் தொலைச்சேன். "பத்து முதல் ரெண்டு வரை சுமை இறக்க ஆள் தேவை"ன்னு ஆபீஸுக்கு எழுதினதும் நான்தான், கேட்ல நோட்டீஸ் ஒட்டினதும் நான்தான். ஆளும் போட்டுட்டாங்க. நம்பர் அம்பத்தெட்டு. நாளைக்கு வருது.

அவள்: நல்லதுதானே? எதுக்குப் பதறறீங்க?

அவன்: என்ன நல்லது! இன்னிக்கு மத்தியானம் மேனேஜர் சொல்றாரு: "அம்பத்தெட்டு ஒரு வாரம் ஒழுங்கா வேலை செஞ்சா முழு நாளும் அதுக்கே குடுத்துடலாம். நாப்பத்தொண்ணு நமக்குத் தேவையில்ல." என் தலைல நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

அவள்: ...அப்படியா சொன்னாரு? இது தெரியாமப் போச்சே.

அவன்: உனக்கு எப்படித் தெரியும்?

அவள்: இல்ல, தம்பி சொல்லலையேன்னேன். அந்த அம்பத்தெட்டு யாரு, என்னன்னு விசாரிச்சீங்களா?

அவன்: நம்பர்தான் வந்திருக்கு. யாரா இருந்தா எனக்கென்ன, ஒரு வாரம் தாங்கக் கூடாது. திட்டம் போட்டுட்டேன்.

அவள்: என்ன திட்டம்?

அவன்: யாருகிட்டயும் மூச்சு விடாத. உன் தம்பிகிட்ட சத்தியமா சொல்லாத. முப்பது கிலோ பெட்டிங்க நாளைக்கு ஒரு லாரி நெறைய வருது. ட்ராலி ரிப்பேர்னு சொல்லிடுவேன். கைலயே தூக்கிட்டுப் போய் ஏழாம் ராக்ல அடுக்கணும். அடுக்கி முடிச்சதும், தப்பு, ரெண்டாம் ராக்குன்னு சொல்லுவேன். அங்க அடுக்கினா திரும்பவும் ஏழு. உக்கார விட மாட்டேன். மூணாம் நாள் கோட்டக் கழட்டி வீசிட்டு ஓடிடும்.

அவள்: பாவம்ங்க. அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்.

அவன்: இருக்கட்டும்.

அவள்: வீட்ல ஒரே ஆளு எத்தன நாளைக்குத்தான் தூக்குறதுன்னு நெனச்சு வந்திருக்கலாம்ல?

அவன்: எதுக்கு வந்தா என்ன? இது வரைக்கும் யாரையும் அதட்ட எனக்கு வாய் வந்ததில்ல. எல்லாரும் கூட மூட்டை தூக்கினவங்க. இது ஒண்ணுதான் என்னத் தெரியாத ஆளு. இதுகிட்டயாவது நான் சூபர்வைசரா இருக்கணும். கத்துறேன் பாரு. "அம்பத்தெட்டு! என்ன அன்ன நடை நடக்குற!" எப்படி?

அவள்: தொண்டைலேருந்து கத்துறீங்க. வயித்துலேருந்து கத்துங்க.

அவன்: "அம்பத்தெட்டு! இது என்ன உங்க வீட்டு சமையல்கட்டா? சும்மா நின்னுக்கிட்டு என்ன பேச்சு!"

அவள்: ஆங், இது பயமா இருக்கு. சரி, மழை வர்ற மாதிரி இருக்கு, கொடில ஒரு மஞ்சள் கோட்டு காயுது. எடுத்துட்டு வாங்க.

அவன்: என் கோட்டு பையில இருக்கே... இரு வர்றேன்... இதா? இது புதுசாட்டம் இருக்கு. சின்னதா வேற இருக்கு. உன் தம்பியோடதா? முதுகுல நம்பர்... அம்... ஏய்!

அவள்: மீடியம் சைஸ்தான் எனக்குச் சரியா இருந்துச்சு. அந்த முப்பது கிலோ பெட்டிய எந்தப் பக்கம் புடிச்சுத் தூக்கினா இடுப்பு புடிக்காதுன்னு மட்டும் இப்பவே சொல்லிக் குடுத்துடுங்க... சார்.