பச்சை என்று நினைத்த சேலை

யுத்தகாலம். தூத்துக்குடி ஸ்டேஷனுக்குப் பின்புறம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் புருஷனும் பெண்சாதியும். அவர் ரயில்வே ஷெட்டில் இன்ஜின் துடைக்கிறவர், காதோரமெல்லாம் கரி. திடீரென்று கேட்டார்:

“ஏளா, ஒன் கல்யாணச் சேல என்ன நெறம்?”

“செவப்பு. நீங்க எடுத்துத் தந்ததுல்லா?”

“பச்சைன்னுல்லா நெனச்சிருந்தேன்.”

அவள் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“இன்ஜின்ல ஃபயர்மேன் வேல இல்லன்னுட்டாவளா?”

“டாக்டர் ஒரு செவப்பு நூலக் காட்டி, நூல் குவியல்ல இதே நெறமா எடுன்னாரு. நான் எடுத்ததுல பாதி பச்சையாம்.”

“இத்தன வருசமா ஒருத்தருக்கும் தெரியலியா?”

“எனக்கே தெரியாதே! கைகாட்டி எறங்குனா வண்டி போவும்னு பாத்துக்கிடுவேன். இருட்டுனா வெளக்கு மட்டுந்தான தெரியும்? அதுக்கு நெறம் வேணும்லா.”

“அப்ப இனிமே?”

“தொடைக்கதுதான்.”

மணியாச்சி வண்டி ஊதியது. தண்டவாளத்துக்கு முதுகு காட்டி நின்றவர் திரும்பவில்லை.

“கைகாட்டி எறங்கிட்டா, பாரு.”

அவள் எட்டிப் பார்த்தாள். “எறங்கிட்டு.”

“ஃபயர்மேன் இந்நேரம் கரி அள்ளிப் போட ஆரம்பிச்சிருக்கணும்” என்றார். வண்டிச் சத்தம் தேயும்வரை அவர் வரிசையில் ஓர் எட்டுகூட நகரவில்லை. நானும் அவரை நகரச் சொல்லவில்லை.