ஓய்வுநாளில் கல் எடுத்தவன்

காலையில் கூட்டிய மை கட்டி தட்டாமல் இருந்தால் போதும், அன்று முழுக்க எனக்கு யார் மேலும் கோபம் வராது. யோயேசர் மேலும் வரவில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரேக்க ராஜாவோடு நம் ஜனங்கள் நடத்திய போரின் வரலாற்றை எழுதுகிறவன் நான். அதில் குகைப் பகுதிதான் எல்லாரையும் உலுக்கும். ஓய்வுநாளில் படை வந்து சூழ்ந்தபோது, குகைக்குள் இருந்தவர்கள் அன்று எந்த வேலையும் செய்யக்கூடாது என்ற கட்டளையை மீறவில்லை. ஒரு கல்லைக்கூட எடுக்காமல் பிள்ளைகுட்டிகளோடு செத்தார்கள். எருசலேமில் இதை நான் வாசித்தபோது ஆசாரியர்களே விம்மினார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவன் எழுந்தான். எங்கேதி ஊர் உப்பு வியாபாரி, ஒரு கால் ஊனம். அவன்தான் யோயேசர்.

"யாருய்யா சொன்னது கல்லெடுக்கலன்னு? எங்கண்ணன் எலியாசிப் எடுத்தான். எடுத்துக் குடுத்ததே நான்தான், அப்ப சின்னப் பையன். அவன் வாசல்ல நின்னு மறிச்சதாலதான் நாங்க நாலு பேரு பின்பக்கமாத் தப்பிச்சோம். அவன் பேரை எழுதுங்க."

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். "அண்ணனுக்குக் கல்லறையும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஒரு வரி எழுதுனா உங்க மையா தீந்துபோயிரும்?" என்று கேலி வேறு.

எனக்கு அவன்மேல் இரக்கம்தான். ஆனால் ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். அவனோ சந்தை சந்தையாய்ச் சொல்லித் திரிந்தான். ஜனங்களும் காது கொடுக்கத் தொடங்கினார்கள்.

பெயரை எழுதுவதாகச் சொல்லி, ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு அழைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. பருப்பும் ரொட்டியும் நன்றாகச் சாப்பிட்டான். அண்ணனைப் பற்றிப் பேசும்போது அவனுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். கை கழுவப் பின்பக்கம் போனவன் மழைநீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். பூமிக்குள் வெட்டிய ஆழமான தொட்டி.

"அய்யா, கயிறு போடுங்க!"

ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்தவனைக் கயிறோ ஏணியோ கொண்டு ஏற்றக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தாரின் விதி. குனிந்து, பொறுமையாக விளக்கினேன்.

"உசுருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாள்லயும் சண்டை போடலாம்னு அந்தக் குகைச் சாவுக்கு அப்புறம் முடிவு பண்ணுனாங்களே, நீதானே வாசிச்ச! அடப் படுபாவி, போடுய்யா கயித்த!"

சண்டை வேறு, கயிறு வேறு என்றேன். பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை, அண்ணனைத்தான் கூப்பிட்டான். நான் தொட்டியோரமே உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்து போட்டேன். யாரும் பிடிக்கவில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, அதுதான் வேதனை.

தொட்டியின் மூடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆம், மூடியை நகர்த்தியதும் வாயின்மேல் பாய் விரித்ததும் நான்தான். ஆனால் அதை முந்தின நாளே, சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்குமுன் முடித்துவிட்டேன். ஓய்வுநாளில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை.