லீலா முடித்துவைத்த வாக்கியங்கள்

மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள், அனிதா மேடம். காற்று பட்டால் என் கண் காய்ந்துபோகும். கண் காய்ந்தால் நான் ஊமை. எதிரே இருக்கும் திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது பதிவாகும், பிறகு பெட்டி அதை வாசிக்கும். ஒரு வாக்கியத்துக்கு நாலு நிமிடம். நீங்கள் மறுபடி விசாரிக்க வருவதாகத் தெரிந்ததும் ஒன்பது நாள் பாடுபட்டு இதை எழுதிச் சேமித்தேன். முடியும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.

சிராங்கூன் சாலையில் இருபத்தாறு வருடம் புடவை விற்றவன் நான். வந்தவர் ‘மயில் கழுத்துக் கலர்ல...’ என்று இழுப்பதற்குள், ‘சின்ன பார்டர், அதானேக்கா?’ என்று பிரித்துப் போட்டுவிடுவேன். யாரையும் முழுதாகப் பேசவிட்டதில்லை. அதுதான் என் திறமை. சுந்தரத்தின் வாய்தான் கடைக்கு முதல் என்பார் முதலாளி. நரம்பு நோய் அந்த வாயைத்தான் முதலில் தின்றது. கை கால் எல்லாம் அப்புறம்.

என் மனைவி லீலா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள், குழாயில் கஞ்சி ஊற்றுவாள். அதிலெல்லாம் குறையே கிடையாது. ஆனால் என் வாக்கியங்களை அவள் முடித்துவிடுவாள். நான் ‘ஜ’ என்று தொடங்கினால், ‘ஜன்னலா? சாத்தணுமா? வெயில் அடிக்குதுல்ல’ என்று எழுந்து போய்விடுவாள். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே இருக்கும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன தீபாவளிக்குக் கடை நண்பர்கள் எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தார்கள். ‘அண்ணே, அந்த மாமியார் கதைய எடுத்து விடுங்க லா’ என்றான் முகமது யூசுப். மாமியாரும் மருமகளும் ஒரே புடவையைப் பிடித்து இழுத்த கதை, என் சொந்தச் சரக்கு. அரைமணி நேரம் கண்ணால் உழைத்துக் கடைசி வரிக்கு வந்தேன். லீலா சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளைப் பார்த்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது, அங்கே தசையெல்லாம் செத்துவிட்டது.

மாதம் ஒருமுறை சமூக சேவையாளர் வித்யா வருவார். அடுத்த முறை அவர் வந்தபோது என் புஜம் கன்றிப்போயிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குகையில் பட்டை இறுக்கிவிட்டது, வேறொன்றுமில்லை. ‘இது எப்படி ஆச்சு அங்கிள்?’ என்று கேட்டார். ‘லீலா தினமும் என்னை’ என்று எழுதி வாசிக்கவிட்டேன். அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

‘நல்லா பாத்துக்கறா, அதானே? இதுக்குப் போயி கண்ண வருத்திக்கிறீங்களே’ என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள்கூட.

நான் நிதானமாக மிச்சத்தை எழுதினேன். ‘கிள்ளுகிறாள்’ என்றது பெட்டி.

அவள் கணிப்பு அப்படித் தப்பியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு விசாரணை அதிகாரியாக நீங்கள் வந்து கேட்டபோது, பட்டினி போடுகிறாள், திரையைப் பிடுங்கி வைக்கிறாள் என்று சேர்த்துக்கொண்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு வார்த்தைக்கு இத்தனை பாடுபடுகிறவன் பொய்யா சொல்வான் என்று நினைத்தீர்கள். நீங்களும்தான், மேடம். என்னை இந்தப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுவந்தீர்கள். அவள் என் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. திங்கட்கிழமை கோர்ட்டில் நிற்கப்போகிறாள், ஜெயிலுக்கும் போகலாம். எத்தனை கேட்டும் ‘அவரு சொல்லி முடிக்கட்டும்’ என்பதைத் தவிர அவள் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

முடிக்கிறேன். லீலா என்னைக் கிள்ளியதில்லை, பட்டினி போட்டதில்லை, திரையைத் தொட்டதுகூடத் துடைக்கத்தான். நான் சொன்ன அத்தனையும் பொய்.

இங்கே தாதியர் நல்லவர்கள். ஆனால் நான் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். காலையில் மூக்கு அரித்தால் மத்தியானம்வரை அரித்துக்கொண்டே இருக்கிறது. லீலாவுக்கு ‘மூ’ என்றால் போதும். அவளை வரச் சொல்லுங்கள், மேடம். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.